நிற்காமல் அரை மணி நேரம்

போன சனிக்கிழமை காலை எங்கள் காரின் டிரைவர் பக்கக் கதவிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டம் போட்ட லுங்கி, ஹவாய் செருப்பு. என் வீட்டுக்காரர்.

பதற வேண்டாம்… அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"உமா, டார்ச்ச இங்கன காட்டு. அங்கன இல்ல… இங்கன!"

"எங்கன?" என்று நானும் அவருடைய திருநெல்வேலித் தமிழிலேயே கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்காவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எதிர் பால்கனியிலிருந்து ஒரு ஆண்ட்டி டீ கப்பும் கையுமாக எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றார். என்ன ஆச்சாம். ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் வரும் கேள்வி அதுதான். எனக்கே பதில் தெரியவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் டீசல் காரின் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன இன்ஜின் படம் எரிந்துகொண்டிருந்தது. செக் இன்ஜின் லைட். தீபாவளி சமயத்தில் வந்தது, போகவே இல்லை. கார் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃப்ளைஓவர் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ஓடுதுல்லா? கெடக்கட்டும் விடு" என்பார்.

அவர் அப்படித்தான். மத்திய அரசில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வருகிற ஜூனில் ரிட்டயர்மென்ட். வீட்டில் பல்பு போனால்கூட எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஆன்லைனில் தீப்பெட்டி சைஸுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறார். அதை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு துளையில் சொருகினால், காருக்கு என்ன கோளாறு என்பது செல்போனில் ஒரு நம்பராக வந்துவிடுமாம். மெக்கானிக் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நாலு மாதமாகக் கண்ணுக்கே தெரியாத விளக்கு, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படிக் கண்ணைக் குத்துகிறது? எனக்குச் சந்தேகம் வர வேண்டுமா, வேண்டாமா?

வந்தது. ஆனால் அதற்குள் அவர், "கெடச்சிட்டு!" என்று கத்தினார். துளை கிடைத்துவிட்டது. ஸ்கேனரில் பச்சை விளக்கு மினுக்கியது. செல்போனில் ஒரு வட்டம் சுற்றோ சுற்று என்று சுற்றி… கடைசியில் வந்தது நம்பர். ரயில் நம்பர் வாசிப்பது போல வாசித்தார்.

"பி… டூ ஃபோர் சிக்ஸ் த்ரீ."

"அப்படின்னா?"

"அது எதுக்கு நமக்கு? இந்தா, கீழ 'கிளியர்'னு ஒரு பட்டன் இருக்கு பாரு."

அமுக்கினார். இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். டாஷ்போர்டில் விளக்கு இல்லை! அவர் முகத்தில் எரிந்தது.

"பாத்தியா? போயிட்டுல்லா?"

"லைட் போயிடுச்சு. கோளாறு?"

"எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றா? எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் கம்ப்ளெய்ன்ட் ஃபைலைக் காணாமல் அடித்துவிட்டு, கம்ப்ளெய்ன்ட் தீர்ந்தது என்று எழுதுவார்கள். அது ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு செக்‌ஷன் ஆபீசரிடம் அதைச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பதினோரு மணி வாக்கில் வாசல் மணி அடித்தது. ஆஜானுபாகுவாக ஒருவர். நஜஃப்கட் பக்கம் கட்டட கான்ட்ராக்டராம். யாதவ்ஜி. எங்கள் காரை வாங்குவதற்காக என் கணவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் அனுப்பினாராம். என் கணவர் பரபரவென்று எழுந்து, "ஆயியே, ஆயியே" என்று வரவேற்றுவிட்டு, கார் பேப்பர்களை எடுத்து வர உள்ளே ஓடினார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

யாதவ்ஜி நல்ல மனிதர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அச்சா பாபிஜி, சுனா ஹை ஆப் லோக் ஹமேஷா கே லியே மத்ராஸ் ஜா ரஹே ஹைன்?"

நீங்கள் எல்லாம் நிரந்தரமாக மதராஸ் போகிறீர்களாமே என்று கேட்கிறார். அவருக்குத் திருநெல்வேலியும் மதராஸ்தான். அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் 'நிரந்தரமாக' என்றாரே… அது என் காதில் விழுந்து மூளைக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கப்?" என்று கேட்டேன். எப்போது?

அவருக்குக் குழப்பம். எங்கள் வீட்டு விஷயத்தை நான் அவரிடம் கேட்கிறேனே! "ஜூன் கே பாத்… சார் நே போலா தா" என்று இழுத்தார். சார்தான் சொன்னாராம். ஜூனுக்குப் பிறகு.

நான் இங்கே கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கிளார்க் வேலைக்கு டெல்லி வந்தவர். நான் பிறந்ததே இங்கேதான். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதப் படித்ததால்தான் இந்தப் பத்தியை உங்களுக்கு எழுத முடிகிறது. வேலை பார்த்த பேங்க் இங்கே. நான் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் கடை, பாதி வழியில் மழை வந்தால் ஒதுங்கும் மெட்ரோ படிக்கட்டு, என் அப்பா அம்மா இருவரையும் எரித்த யமுனைக் கரை, எல்லாம் இங்கே. ஊர் என்று யாராவது கேட்டால் டெல்லி என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள், "அது சரி, சொந்த ஊர்?" என்பார்கள்.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

டெஸ்ட் டிரைவ் போகலாம் என்றார் யாதவ்ஜி. நானும் வருகிறேன் என்றேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

யாதவ்ஜியே ஓட்டினார். பங்கா ரோடு வரை கார் சமர்த்தாகப் போனது. யாதவ்ஜி, "ஏக்தம் மக்கன்" என்றார். வெண்ணெய் போல ஓடுகிறதாம். அடுத்த சிக்னல் தாண்டி ஃப்ளைஓவர் ஏறினோம்… வழக்கமான அந்த இழுவை. மேலே போய்ச் சேரும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

யாதவ்ஜி கோபப்படவில்லை. கார் பிடித்திருக்கிறது, முதலில் இதைச் சரி பண்ணுங்கள், அப்புறம் போன் பண்ணுங்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மரியாதையாகக் கிளம்பிப் போனார்.

கதவைச் சாத்தினேன்.

"நாம திருநெல்வேலிக்குப் போறோமா?" என்றேன்.

"சும்மா… வெல கேட்டுப் பாத்தேன். தம்பி வீட்டு மாடி காலியா இருக்குல்லா… ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"யார்கிட்ட?"

அவர் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். சண்டை வரும்போலிருந்தால் அவர் செய்வது அதுதான். எங்கள் வீட்டில் செடிகள் வாடியதே இல்லை. அவ்வளவு சண்டைகள், ஒன்றுகூட முடியாமல்.

மத்தியானம் அவர் தூங்கினார். எனக்கு எப்படித் தூக்கம் வரும்? பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடந்தேன். அலமாரியைத் திறந்து புடவைகளை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால்? அதைத் தாங்கும் தெம்பு அப்போது இல்லை. வைத்துவிட்டேன்.

ஏதாவது செய்தாக வேண்டும். சரி, அந்த நம்பருக்கு என்னதான் அர்த்தம் என்று பார்ப்போம்… காருக்குப் போய் நானே ஸ்கேனரைச் சொருகினேன். அதே பி டூ ஃபோர் சிக்ஸ் த்ரீ. டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து, வாங்கின நாளிலிருந்து யாரும் பிரிக்காத காரின் புத்தகத்தை எடுத்தேன். நெட்டில் கார்க்காரர்கள் ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்ளும் இடங்களையும் பார்த்தேன்.

புரிந்தது. புதிய டீசல் கார்களில் புகையோடு வரும் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. கார் வேகமாக, நீண்ட தூரம் ஓடும்போது அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்து, ஃபில்டர் சுத்தமாகிவிடும். ஆனால் மார்க்கெட், பேங்க், கோயில் என்று பக்கத்துப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால்? சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகிறது. அதைத்தான் அந்த நம்பர் சொல்கிறது.

வைத்தியமும் அங்கேயே இருந்தது. ஹைவேயில் அறுபதுக்குக் குறையாத வேகத்தில், அரை மணி நேரம், நிற்காமல் ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் பாதியில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து.

நிற்காமல். அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். காரைச் சரியாக்கி விற்க வேண்டுமே என்ற அவசரத்தில் உடனே தலையாட்டினார். "நாளைக்கே போவோம்" என்றார்.

"நான் ஓட்டறேன்."

"நீயா? ஹைவேலயா?"

"நீங்க நாய் வந்தா பிரேக், நாய் வரும்போல இருந்தா பிரேக். இதுக்கு ஒரே சீரா ஓட்டணும்."

காருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகியதும் கிளம்பினோம். அவுட்டர் ரிங் ரோடு வழியாக முகர்பா சௌக் வரை அவர் எஃப்.எம். வைத்துக்கொண்டு, கடை போர்டுகளை வாசித்துக்கொண்டு வந்தார். கர்னால் ரோடு திறந்து விரிந்ததும் நான் நாலாவது கியரில் வேகத்தைக் கூட்டினேன். அறுபது… எழுபது… எண்பதுக்குக் கொஞ்சம் கீழே முள் நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பலேருந்து அரை மணி" என்றார்.

நான் ரேடியோவை அணைத்தேன்.

"நிரந்தரமா ஊருக்குப் போறோம்னு யாதவ்ஜிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோட்டைத்தான் பாத்துட்டு இருக்கேன். நீங்க சொல்லுங்க."

"வீட்ல போய்ப் பேசுவோம் உமா."

"வீட்ல நீங்க பேச மாட்டீங்க."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். எழுந்து போக வாளி இல்லை, பால்கனி இல்லை. வெளியே லாரிகள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ வர மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

"கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

"அதுக்குத்தான் கேக்கல."

என்ன பதில் சொல்வீர்கள் இதற்கு? எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆக்ஸிலேட்டரைக் கால் தன்னால் அழுத்தியது. "வெரட்டாத, வெரட்டாத" என்றார்.

"சரி, இப்ப கேளுங்க."

"என்னத்த?"

"என்னை. ஊருக்கு வரியான்னு."

அவர் கேட்கவில்லை. நரேலா போகும் வழி என்ற போர்டு வந்து போனது. ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு அங்கிருந்த கொஞ்சம் குடும்பங்களை நரேலாவில்தான் குடிவைத்தார்கள். ஜங்புராவில் என் சிநேகிதி வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த செல்வியும் அதில் ஒருத்தி. என்னைப் போலவே டெல்லியில் பிறந்தவள். வீடு போன சமயத்தில் எல்லாரும் அவளிடம், பேசாமல் ஊருக்குப் போய்விடேன் என்றார்களாம். "எந்த ஊருக்குக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

அதைச் சொன்னேன்.

"அவ கதையும் நம்ம கதையும் ஒண்ணாட்டி?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. ஒன்றில்லைதான். அவள் வீட்டை இடித்தார்கள். எங்களுக்கு அரசாங்கம் கட்டி விற்ற டி.டி.ஏ. ஃபிளாட் சொந்தமாக இருக்கிறது. திருநெல்வேலியில் மாடி வீடு வேறு காத்திருக்கிறது. "ஒண்ணில்ல. ஆனா அந்தக் கேள்வி ஒண்ணுதான்" என்றேன்.

அப்போதுதான் அந்த டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறையக் கரும்பு, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, நடு லேனில் ஊர்வலம் மாதிரி. இடது பக்கம் லாரி வரிசை. வலது பக்கம் பின்னால் ஒரு பஸ், ஹார்னிலிருந்து கையையே எடுக்காமல். முள் எழுபதிலிருந்து இறங்கியது. அறுபத்தைந்து… அறுபத்தி ரெண்டு…

"பிரேக் போடு, பிரேக் போடு!"

"போட்டா எல்லாம் வேஸ்ட்!"

பஸ் உறுமிக்கொண்டு தாண்டியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வலது லேனுக்குள் பாய்ந்தேன். கரும்புத் தோகை எங்கள் ஜன்னலைத் தடவிவிட்டுப் போனது. அவர் இரண்டு கையாலும் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். டிராக்டர் பின்னால் போனதும் கண்ணைத் திறந்தார்.

"எங்கப்பா சாவும்போது நான் நாக்பூர்ல இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"ரயில்ல. தந்தி வந்து, லீவு வாங்கி, ஏறி… நாக்பூர் ஸ்டேஷன்ல ஆரஞ்சு வாங்குனேன், அப்பாவுக்குப் பிடிக்கும்னு. அப்பவே உசுரு போயிட்டு. எனக்குத் தெரியாது. ஊர்ல எறங்கிப் போனா எல்லாம் முடிஞ்சு தெருவுல பந்தலப் பிரிக்காவ. கையில ஆரஞ்சுப் பை."

இத்தனை வருஷத்தில் இந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார் என்று மட்டும்தான் தெரியும்.

"அம்மாவுக்கும் அப்படித்தான். அது உனக்கே தெரியும். ஏரோப்ளேன்ல போயும் பிந்திட்டேன். ஒவ்வொரு வருசமும் லீவு முடிஞ்சு திரும்பும்போது தம்பி ஸ்டேஷனுக்கு வருவான். அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லுவான். இப்ப அவனுக்கும் அறுபது நெருங்குது. நான் இனிமே ஸ்டேஷன்ல நிக்கக் கூடாது உமா. அம்புட்டுத்தான்."

ரோட்டோரம் கடுகுச் செடிகள் மஞ்சளாகப் பூத்திருந்தன. நான் அதைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தேன். எழுபத்தைந்து.

"நான் இங்க விருந்தாளி" என்றார். "இருபத்திரெண்டு வயசுல வந்தவன். எல்லாரும் நல்லாத்தான் வச்சிருந்தாவ. ஆனாலும் விருந்தாளிதான். ஒரு நாளாவது இது நம்ம இடம்னு தோணணும்லா? தோணல."

"அங்க வந்தா நான் விருந்தாளி."

அவர் திரும்பினார்.

"உங்க ஊர்ல என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்க? டெல்லிக்காரி. கடையில நான் வாயைத் திறந்தா எந்த ஊருன்னு கேக்கறாங்க. நாலு நாள் போனா நல்லா இருக்கு. தலையில வச்சுத் தாங்கறாங்க. அதான் விருந்தாளிக்கு அடையாளம். வருஷக்கணக்கா விருந்தாளியா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத்தான் தெரியும். அதை எடுத்து என்கிட்ட குடுக்கப் போறீங்களா?"

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூக்கைச் சுருக்கினார்.

"என்னமோ கருகுத வாட வருது."

எனக்கும் வந்தது. இரும்புச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை.

"நிப்பாட்டு! வண்டி தீப்பிடிச்சிரப் போவுது!"

"பிடிக்காது. கரி எரியுது. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான். நிப்பாட்டுட்டீ!"

"நிப்பாட்ட மாட்டேன்!"

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அபூர்வம். அப்படிக் கத்தியபோது காரைப் பற்றித்தான் கத்தினேனா, சத்தியமாகத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்து ரோடு கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். அவர் டிஷ்யூ ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இன்னும் நேரம் இருந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு வாடை குறைந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"வரியா?"

"இப்பவே சொல்லணுமா?"

"வேண்டாம். கேக்கச் சொன்னியேன்னு கேட்டேன்."

முர்த்தலில் ஒரு தாபாவுக்குள் திரும்பினேன். டைம் ஆகி இன்னும் கொஞ்சம் கூடவே ஓடியிருந்தது. காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன்; அதுவும் புத்தகத்தில் போட்டிருந்தது, வண்டிக்கு அடியில் அவ்வளவு சூடாம். அவர்தான் குனிந்து ஸ்கேனரைச் சொருகி, அந்த நம்பரை அழித்தார். இன்ஜினைப் போட்டோம். விளக்கு இல்லை. போன தடவை மாதிரி அவர் குதிக்கவில்லை. "வீடு போய்ச் சேரட்டும், பாப்போம்" என்றார்.

வெண்ணெய் மிதக்கும் பரோட்டா வந்தது. இருவருக்கும் நல்ல பசி. பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் செல்போனை எடுத்து யாதவ்ஜியைக் கூப்பிட்டார். "யாதவ்ஜி, காடி அபி நஹீ பேச்னா" என்றார். இப்போதைக்கு விற்பதாக இல்லை. அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "நஹீ நஹீ, காடி டீக் ஹை. ஹம் லோக்… பாத் கர்தா ஹை" என்றார். கார் நன்றாகத்தான் இருக்கிறது, நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வந்தார். இத்தனை வருஷமாகியும் அவருடைய ஹிந்தியில் ஒருமை பன்மை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எப்போதும் திருத்துவேன். அன்றைக்குத் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது அவர் ஓட்டினார். நாய்க்கெல்லாம் பிரேக் போட்டார். வழியெல்லாம் பேசினோம். முடிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரிட்டயர் ஆனதும் அவர் முதலில் தனியாகப் போய்த் தம்பி வீட்டு மாடியில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்பார். நவம்பரில் டெல்லியில் புகை மூட்டம் வந்ததும் நான் போவேன். குளிர் முடிந்ததும் இருவரும் இங்கே திரும்புவோம். அதற்கு அப்புறம்? "அப்புறம் பாப்போம்" என்றார் அவர். "அச்சா" என்றேன் நான். இரண்டு பேருக்குமே திருப்தி இல்லை. அதனால்தான் ஒருவேளை நியாயமான ஏற்பாடோ என்னவோ.

இந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் இல்லாத வீட்டில் காலை டீ ஒரு டம்ளர் மட்டும் போடுவது எப்படி என்று யோசிக்கிறேன். அங்கே போனால் காலையில் எந்தப் பக்கம் வாக்கிங் போவேன் என்றும் யோசிக்கிறேன். இரண்டும் பிடிக்கவில்லை. எழுந்து நடக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவருடைய தம்பி போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டது.

"என்ன அண்ணே, மாடிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிரட்டுமா? மதினிகிட்டப் பேசி முடிச்சாச்சா?"

"இல்லடே" என்றார் என் வீட்டுக்காரர். "இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கோம்."